டிரைவர் தூங்கிட்டார்னு சொல்றோம்... அவர் தூங்க இடம் கொடுத்தோமா?



"லாரி மோதி இருவர் பலி. டிரைவர் தலைமறைவு."

இந்தச் செய்தியை இந்த மாசம் எத்தனை தடவை படிச்சிருப்பீங்க? ஊர் பேர் மட்டும் மாறும். ஒருநாள் சுங்குவார்சத்திரம், ஒருநாள் வாலாஜாபாத், ஒருநாள் வெள்ளை கேட், ஒருநாள் ஒரகடம். கீழே கமெண்ட்டும் எழுதி வெச்ச மாதிரி வரும். "குடிச்சிட்டு ஓட்டியிருப்பான்", "தூங்கியிருப்பான்", "இவனுங்களைத் தூக்குல போடணும்". ரெண்டு நாள் போனா எல்லாரும் மறந்துடுவோம். செத்தவங்க வீட்டுல மட்டும் அது மறக்காது.

இறந்தவங்களுக்காகக் கோபப்படுறது நியாயம்தான். ஆனா அந்தக் கோபம் டிரைவர் சீட்டோட நின்னுடுது. அந்த சீட்டுக்குப் பின்னாடி லாரி ஓனர் இருக்கார், சரக்கு ஏத்தின கிரஷர் இருக்கு, 'காலைல ஆறு மணிக்கு லோடு வந்தாகணும்'னு சொன்ன கம்பெனி இருக்கு, ரோடு போட்ட ஒப்பந்ததாரர் இருக்கார், எடை போட வேண்டிய அதிகாரி இருக்கார். இவங்க யாரும் தலைமறைவு ஆகுறதில்ல. ஏன்னா இவங்களை யாரும் தேடுறதே இல்ல.

அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

🔴 நம்ம மாவட்டம் ஏன் இதைப் பேசணும்?

காஞ்சிபுரம்னா வெளியூர்க்காரங்களுக்குப் பட்டும் கோயிலும். இங்க வாழுற நமக்கு மூணாவதா ஒண்ணு இருக்கு: லாரி.

ஒரு பக்கம் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. பழைய என்.எச். 4, இப்போ 48. ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ராஜகுளம், பொன்னேரிக்கரை, கீழம்பி, தாமல்னு நம்ம ஊரை ஒட்டியே போகுது. இன்னொரு பக்கம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை, ஒரகடம் வழியா. இருங்காட்டுக்கோட்டையில செய்த காரை ஏத்திக்கிட்டு போற நீள டிரெய்லரும், துறைமுகத்துக்குப் போற கன்டெய்னரும் ராத்திரி பகல் பார்க்காம ஓடுது. மதூர், சிறுதாமூர், திருமுக்கூடல் பக்கம் இருக்கிற குவாரி, கிரஷர்ல இருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏத்தின டிப்பர்கள் சென்னையில கட்டடம் எழுப்பப் போகுது.

இதே ரோட்டுலதான் காமாட்சி அம்மனைப் பார்க்க வர்ற வேன், கல்யாணப் பட்டு எடுக்க வர்ற கார், ஷிப்ட் முடிஞ்சு வர்ற கம்பெனி பஸ், டியூஷன் போற சைக்கிள், நெய்த சேலையை டிவிஎஸ் எக்ஸ்எல்-ல கட்டிக்கிட்டு போற நெசவாளர் எல்லாரும் போறாங்க.

இன்னொரு விஷயம். பாரத்பென்ஸ் லாரி தயாராகுறதே நம்ம ஒரகடத்துலதான். வண்டிகளை மோதவிட்டு, பிரேக் போட்டு சோதிக்கிற மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் அதே ஒரகடத்துல இருக்கு. உலகத் தரத்துல லாரி செய்யவும் தெரியும், சோதிக்கவும் தெரியும். அந்த லாரி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகு அதை ஓட்டுற மனுஷன் எத்தனை மணி நேரம் முழிச்சிருக்கார்னு கேட்க மட்டும் நம்மகிட்ட ஆள் இல்ல.

🔴 கணக்கு என்ன சொல்லுது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் நாடு முழுக்க 4,61,312 சாலை விபத்துகள். இறந்தவங்க 1,68,491 பேர். அதுல தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறப்பில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து ரெண்டாவது இடம்: 17,884 பேர். 2023-ல் நாட்டில் இறந்தவங்க எண்ணிக்கை 1,72,890 ஆக ஏறிச்சு. தமிழ்நாட்டில் 18,347.

விபத்தை ஒழுங்கா பதிவு பண்றதால நம்ம எண்ணிக்கை கூடுதலா தெரியுதுன்னு சிலர் சொல்வாங்க. அதுல ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனா 18,347 உயிர்ங்கிறது பதிவேட்டுப் பழக்கத்தால வந்த கணக்கு இல்ல. ஒரு நாளைக்கு ஐம்பது பேர்.

இன்னொரு எண்ணைப் பாருங்க. நாட்டின் மொத்த சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை சுமார் 2 சதவீதம்தான். 2022-ல் இறந்தவங்கள்ல 36 சதவீதம் பேர், அதாவது 61,038 பேர், அந்த 2 சதவீத ரோட்டுல இறந்திருக்காங்க. நம்ம ஊரை ஒட்டிப் போறது அந்த ரோடுதான்.

🔴 இது இயற்பியல், தோழர்களே

இன்ஜினியரிங் படிச்சதுக்கு இந்த ஒரு கணக்காவது உங்களுக்குப் போட்டுக் காட்டுறேன்.

பத்து வீல் டிப்பர் ஒண்ணு, சட்டப்படி ஏத்த வேண்டியதை மட்டும் ஏத்தியிருந்தா வண்டியும் லோடும் சேர்த்து 28.5 டன். சின்ன கார் ஒண்ணு ஒண்ணேகால் டன்னுக்குள்ள. ரெண்டும் ஒரே வேகத்துல வந்தாலும் டிப்பர்கிட்ட இருக்கிற இயக்க ஆற்றல் காரை விட இருபது மடங்குக்கும் மேல. அதோட மோதுற ஸ்கூட்டருக்கு ஹெல்மெட் போட்டிருந்தாலும் என்ன மிஞ்சும்னு நான் சொல்ல வேண்டாம்.

இப்போ தூக்கம். மணிக்கு 80 கி.மீ. வேகத்துல போற லாரி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகும். டிரைவர் நாலே நாலு விநாடி கண் அசந்தா 88 மீட்டர். பட்டுச் சேலை அஞ்சரை மீட்டர்னு வெச்சுக்கோங்க. பதினாறு சேலையை வரிசையா விரிச்சா எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் அந்த லாரி யாரும் ஓட்டாமலே போகுது.

தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருக்கிறவரோட கவனமும் செயல் வேகமும் ரத்தத்துல 0.05 சதவீத ஆல்கஹால் இருக்கிறவர் நிலைக்கு இறங்கிடும்னு தூக்க ஆராய்ச்சிகள் பல வருஷமா சொல்லுது. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கிற அளவே 0.03 சதவீதம்தான். காலைல ஆறு மணிக்கு எழுந்து, லோடு ஏத்தி, கியூவுல நின்னு, ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டியரிங் பிடிக்கிற டிரைவர், ஒரு சொட்டு குடிக்காமலே குடிச்சவர் மாதிரி ஓட்டுறார். அவர் வாயில குழாயை வெச்சு ஊதச் சொன்னா மெஷின் 'பாஸ்'னு சொல்லும்.

விடியற்காலை ரெண்டு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் மனுஷ உடம்பு தூக்கத்துக்குன்னே செஞ்சது. மன உறுதி, டீ, முகத்துல தண்ணி எல்லாம் கொஞ்ச நேரம்தான் தாங்கும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான்.

🔴 அப்புறம் ஏன் தூங்காம ஓட்டுறாங்க?

எங்க தெருவுல ஒரு டிப்பர் டிரைவர் அண்ணன் இருக்கார். "ஏண்ணே, தூக்கம் வந்தா ஓரமா நிறுத்திப் படுக்க வேண்டியதுதானே?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சிட்டுச் சொன்னார்: "தம்பி, நடைக்கு இவ்வளவுன்னு காசு. படுத்தா ஒரு நடை போச்சு. ரெண்டு நாள் படுத்தா வண்டியே வேற ஆளுக்குப் போச்சு."

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தறியில உட்கார்ந்தவங்க வீட்டுப் பிள்ளைங்க நாம. சேலைக்கு இவ்வளவு கூலிங்கிற கணக்கு நம்ம ரத்தத்துல இருக்கு. முகூர்த்தம் நெருங்குற நேரத்துல கண் எரிய எரிய குழித்தறியில உட்கார்ந்து நெய்றது நமக்குத் தெரியும். ஆனா தறியில தூங்கி வழிஞ்சு இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம். ரோட்டுல அறுந்தா முடிச்சுப் போட முடியாது.

சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2020-ல் வெளியிட்ட லாரி டிரைவர்கள் பத்தின ஆய்வு, நாட்டின் பத்து சரக்குப் போக்குவரத்து மையங்கள்ல எடுத்தது. டிரைவர்கள் ஒரு நாளைக்கு சராசரியா கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஓட்டுறாங்க. களைப்பா இருந்தாலும் தூக்கம் வந்தாலும் வண்டியை ஓட்டிக்கிட்டேதான் இருப்போம்னு ஒத்துக்கிட்டவங்க ஏறக்குறைய பாதிப் பேர். இந்தத் தொழில் வழியில் கொடுக்குற லஞ்சம் வருஷத்துக்குச் சுமார் 48,000 கோடி ரூபாய்னும் அதே ஆய்வு மதிப்பிட்டுச்சு. மாமூல் கொடுத்ததை எங்கிருந்து ஈடு கட்டுவாங்க? இன்னொரு நடை. இன்னும் ரெண்டு டன்.

முன்னாடி வண்டிக்கு ஒரு கிளீனர் இருப்பார். பேச்சுத் துணை, ரிவர்ஸ் எடுக்கும்போது கண், தூக்கம் வந்தா தட்டி எழுப்புற கை. செலவைக் குறைக்க முதல்ல குறைஞ்சது அந்த ஆள்தான். இன்னைக்குப் பாதி லாரிகள்ல பக்கத்து சீட் காலியா இருக்குறதை நீங்களே பார்க்கலாம்.

🔴 சட்டம் இல்லையா? இருக்கு!

1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துடுச்சு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நீண்ட தூர வழித்தடம்னா அதிகபட்சம் நாளைக்கு 10, வாரத்துக்கு 54. தொடர்ந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, இடையில அரை மணி ஓய்வு கட்டாயம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவும் டிரைவரின் வேலை நேரம் இந்தச் சட்டப்படிதான்னு சொல்லுது. அறுபது வருஷத்துக்கு முன்னாடி எழுதினவங்களுக்கு இருந்த தெளிவைப் பாருங்க.

ஆனா இந்தச் சட்டம் அஞ்சு தொழிலாளர் இருந்த நிறுவனத்துல இருந்துதான் செல்லுபடியாச்சு. நம்ம ஊர்ல லாரி வெச்சிருக்கிறவங்க பெரும்பாலும் ஒரு வண்டி, ரெண்டு வண்டி ஓனர்கள். அப்போ அந்த டிரைவருக்குச் சட்டமே இல்லாத மாதிரிதான். சரி, புதுச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்கும்னு பார்த்தா, 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேத்தின தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இந்தப் பழைய சட்டத்தைத் தன்னுள்ள இழுத்துக்கிட்டு, அஞ்சுங்கிற எண்ணைப் பத்தாக்கிடுச்சு. ஓட்டை ரெண்டு மடங்கு பெருசாச்சு.

ஐரோப்பாவில் என்ன பண்றாங்க? நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நிறுத்தியே ஆகணும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஸ்டியரிங். வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். டிரைவர் சொல்றதை நம்ப வேண்டியதில்ல. வண்டிக்குள்ள டாகோகிராஃப்னு ஒரு கருவி, எத்தனை மணிக்குக் கிளம்பினார், எவ்வளவு நேரம் ஓட்டினார், எப்போ நின்னார்னு பதிவு பண்ணும். ரோட்டுல நிறுத்திக் கார்டை எடுத்துப் பார்ப்பாங்க. அங்க இருக்கிற டிரைவர் நம்ம டிரைவரை விட நல்லவர்ங்கிறதால அங்க விபத்து குறையல. அவரைத் தூங்க வைக்க அந்த ஊர்ல ஒரு ஏற்பாடு இருக்கு.

🔴 நிறுத்தணும்னா எங்கே நிறுத்துறது?

வாதத்துக்காக, ஒரு டிரைவர் எல்லாத்தையும் மீறி, 'நான் இப்போ தூங்கப் போறேன்'னு முடிவு பண்றார்னு வெச்சுக்கோங்க. ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து தாமல் வரைக்கும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல ஒருதடவை போய்ப் பாருங்க. சர்வீஸ் ரோட்டுலயும் மெயின் ரோட்டு ஓரத்துலயும் வரிசையா லாரி நிக்கும். சிலதுல பின் விளக்கு எரியாது. சிலதுல சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை மண்ணு மூடிப் போயிருக்கும். நின்னுக்கிட்டு இருக்கிற லாரியே இன்னொருத்தருக்கு எமன்.

2023 செப்டம்பர் 11. இதே சென்னை–பெங்களூரு சாலையில, திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி பக்கம். சுற்றுலா போய்ட்டுத் திரும்பின வேன் பழுதாகி ரோட்டோரம் நிக்குது. இறங்கி முன்னாடி உட்கார்ந்திருந்தவங்க மேல, பின்னாடி வந்த லாரி வேனை இடிச்ச வேகத்துல வண்டி ஏறிச்சு. ஏழு பெண்கள் அதே இடத்துல போய்ட்டாங்க. அந்த வேன் ஒதுங்கி நிக்க ரோட்டை விட்டுத் தள்ளி ஒரு இடம் இருந்திருந்தா? அந்த இடத்துக்கு முன்னாடி எச்சரிக்கை முக்கோணம் ஒண்ணு வெச்சிருந்தா? இந்தக் கேள்விகளுக்கு 'டிரைவர் கைது'ங்கிற ஒரு வரி பதில் ஆகாது.

நிறுத்தின லாரிக்குள்ள கார் புகுந்து கூரையோட தலை போகாம இருக்கத்தான், லாரியின் பின்னாடி கீழே இரும்புத் தடுப்பு வைக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி சொல்லுது. அதைப் பல டிப்பர்ல கழட்டி வெச்சிருப்பாங்க, இல்லைன்னா பேருக்கு ஒரு பைப்பை வெல்டு பண்ணி விட்டிருப்பாங்க. எஃப்.சி. எடுக்கிற அன்னைக்கு மட்டும் எல்லாம் சரியா இருக்கும்.

இடம் இல்லைன்னு யாராவது சொன்னா, 2019-ஐ ஞாபகப்படுத்துங்க. அத்திவரதர் வைபவம். 48 நாள். சுமார் ஒரு கோடி மக்கள் வந்து போனாங்க. தற்காலிக பஸ் நிலையம், வாகன நிறுத்துமிடம், கழிப்பறை, குடிநீர்னு ஊரைச் சுத்தி அமைச்சுக் காட்டினோமே! நினைச்சா முடியும்னு காட்டின ஊர் இது. வருஷத்துல 365 நாளும் வர்ற லாரி டிரைவர் படுக்க, குளிக்க நிரந்தரமா நாலு இடம் அமைக்க முடியாதா?

2024 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைகள்ல டிரைவர்களுக்கு முதல்கட்டமா 1,000 ஓய்வு மையங்கள் கட்டப்படும்னு பிரதமர் அறிவிச்சார். நல்ல அறிவிப்பு. நம்ம பகுதிக்கு எத்தனை, எந்த இடத்துல, எப்போங்கிறது நம்ம கேள்வி. 262 கி.மீ. நீளத்துக்கு பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை ஸ்ரீபெரும்புதூர்ல வந்து முடியப் போகுது. அதுலயாவது லாரி நிறுத்துமிடத்தை முதல்லயே கேட்டு வாங்கணும். ரோடு போட்டு முடிச்ச பிறகு கேட்டா நிலம் இல்லைன்னு சொல்வாங்க.

ரோட்டைப் பத்தியும் ஒண்ணு. மதுரவாயல்–வாலாஜாபேட்டை சாலையின் மோசமான நிலையைப் பார்த்து சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, 2020 டிசம்பர்ல பாதி சுங்கக் கட்டணம்தான் வாங்கணும்னு உத்தரவு போட்டது. நம்ம ரோட்டோட லட்சணத்துக்கு அது ஒரு சான்றிதழ்! ரோட்டை வடிவமைப்புத் தரப்படி போடாம உயிர் போனா, ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 திருத்தத்துல 198ஏ பிரிவு வந்துச்சு. நம்ம ரோட்டுல அதை யார் மேலயாவது போட்டதா கேள்விப்பட்டிருக்கீங்களா?

🔴 டிப்பரும் பத்து மீட்டரும்

வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் இருக்கிற தோழர்கள் இதை நல்லா கவனிங்க.

28.5 டன் இருக்க வேண்டிய வண்டியில கூடுதலா 10 டன் ஏத்தினா என்ன ஆகும்? பிரேக்கோட திறன் அதேதான்னு எடுத்துக்கிட்டா, நிக்கிற தூரம் மூணுல ஒரு பங்குக்கு மேல கூடும். 60 கி.மீ. வேகத்துல பிரேக் மிதிச்ச இடத்துல இருந்து 28 மீட்டர்ல நிக்க வேண்டியது 38 மீட்டர் போகும். அந்தக் கூடுதல் பத்து மீட்டருக்குள்ளதான் பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளை ரோட்டைக் கடக்குது.

சட்டம் என்ன சொல்லுது? அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதுக்கு மேல ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. 10 டன்னுக்கு 40,000 ரூபாய். கூடுதல் லோடை இறக்கினாத்தான் வண்டி நகரணும். முக்கியமா, 113-வது பிரிவுல ஒரு வரி இருக்கு: வண்டி ஓட்டினவர் ஓனர் இல்லைன்னா, அது ஓனருக்குத் தெரிஞ்சு அல்லது ஓனர் சொல்லித்தான் நடந்ததுன்னு நீதிமன்றம் ஊகிச்சுக்கலாம். அதாவது ஓனரைக் கூண்டுல ஏத்த சட்டத்துலயே வழி இருக்கு. நடக்கிறது என்ன? டிரைவர் பேர்ல வழக்கு, டிரைவர் லைசென்ஸ் சஸ்பெண்டு, ஓனருக்கு அடுத்த நாள் வேற டிரைவர்.

அதிக பாரம் ரோட்டுல பிறக்கிறதில்ல. கிரஷர் வாசல்ல, எடை மேடை மேலதான் பிறக்குது. அங்க தடுத்தா பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளிக்கூட வாசல்ல போலீஸ் நிக்கவே வேண்டாம்.

🔴 "டிரைவர்கள் எல்லாம் யோக்கியமா?"

கமெண்ட்ல இது வரும்னு தெரியும். நேராவே பேசுவோம்.

குடிச்சிட்டு ஓட்டுற டிரைவர் இருக்கார். போன் பேசிக்கிட்டே ஓட்டுறவர் இருக்கார். ராங் சைடுல வர்றவர் இருக்கார். மோதிட்டு, துடிக்கிறவரை விட்டுட்டு ஓடுறவரும் இருக்கார். அவங்களுக்குத் தண்டனை வேணும், அதுல சமரசம் இல்ல. செத்தது நம்ம தங்கச்சியா இருந்தா நாம அப்படித்தான் கேட்போம்.

ஆனா தண்டனையைக் கூட்டினா மட்டும் போதும்னா, 2024 ஜனவரி 1-ஐ நினைச்சுப் பாருங்க. விபத்துக்குப் பிறகு தகவல் சொல்லாம ஓடிப்போனா 10 வருஷம் வரை சிறைன்னு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு சொன்னதும், நாடு முழுக்கப் பல இடத்துல லாரி டிரைவர்கள் ஸ்டியரிங்கை விட்டு இறங்கிட்டாங்க. பெட்ரோல் பங்குல கியூ நின்னுச்சு. சங்கங்களோட பேசாம அமல்படுத்த மாட்டோம்னு மத்திய அரசு சொன்னது. 2024 ஜூலை 1-ல் புதுச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தப்போ அந்த ஒரு உட்பிரிவு மட்டும் வரல.

அந்த டிரைவர்கள் சொன்ன ஒரு விஷயத்தை நாம காது கொடுத்துக் கேட்கணும்: "நின்னா கூட்டம் அடிச்சே கொன்னுடும்." அதுல பொய் இல்லைன்னு நமக்குத் தெரியும். அடிபட்டவர் பிழைக்கணும்னா அந்த முதல் பத்து நிமிஷத்துல டிரைவரும் அங்க இருக்கணும், 108-க்குப் போன் போகணும், கூட்டம் லாரியை உடைக்கிறதை விட்டுட்டு ரத்தத்தை நிறுத்தணும். அந்தக் கூட்டத்துல நாமளும் நிப்போம், தோழர்களே. முதல் ஆளா அமைதிப்படுத்த வேண்டிய பொறுப்பு கட்சிக்காரனுக்கு இருக்கு.

இன்னொரு கேள்வி: "நேரத்தைக் குறைச்சா, லோடைக் குறைச்சா, வாடகை ஏறும், விலைவாசி ஏறுமே?" கொஞ்சம் ஏறும். மறைக்க வேண்டியதில்ல. ஆனா இன்னைக்கு அந்த விலையை யாரோ கொடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நம்ம வீட்டு ஜல்லி மூட்டைக்குக் கொஞ்சம் மலிவா வந்ததுக்கு, வேற ஒரு வீட்டுல ஒரு உயிரைக் கொடுத்து முடிச்சுட்டாங்க. அந்தக் கணக்கை எந்த பில்லுலயும் போடுறதில்ல, அவ்வளவுதான்.

🔴 நாம கேட்கிறது இதுதான்

1️⃣ ஸ்ரீபெரும்புதூர்–தாமல் இடையே ரெண்டு பக்கமும் லாரி நிறுத்துமிடங்கள். படுக்கை, குளியலறை, கழிப்பறை, வெளிச்சம், காவல் எல்லாத்தோடவும். டிரைவருக்கு இலவசம். சிப்காட் கம்பெனிகள் தங்களுக்கு வர்ற லாரிகளை ரோட்டுல கியூ நிக்க வைக்கக் கூடாது. உள்ளே இடம் ஒதுக்கணும்.

2️⃣ ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் இருந்து கட்டாயம். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, பள்ளிகொண்டா, சென்னசமுத்திரம், நெமிலின்னு ஒவ்வொரு சுங்கச்சாவடியையும் ஒரு லாரி எத்தனை மணிக்குத் தாண்டுச்சுங்கிற தகவல் ஏற்கனவே கம்ப்யூட்டர்ல இருக்கு. காசு எடுக்கப் பயன்படுற அந்தத் தகவலை, இடைவெளியே இல்லாம ஓடுற வண்டியைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்துங்க. ரெண்டு டிரைவர் இருக்காங்கன்னா அதைப் பதிவு பண்ண ஒரு வழி வையுங்க. அபராதம் டிரைவருக்கு வேண்டாம், ஓனருக்கும் சரக்கு அனுப்பினவருக்கும் போகட்டும்.

3️⃣ கிரஷர், குவாரி வாசல்ல எடைச்சீட்டு இல்லாம ஒரு டிப்பரும் வெளியே வரக் கூடாது. அந்த எடை தானா ஆன்லைன்ல ஏறணும். அதிக பாரம் பிடிபட்டா, ஏத்தி அனுப்பின கிரஷர் மேலயும் வழக்கு.

4️⃣ வேலை நேரச் சட்டத்துக்கு 'பத்து பேர்' கணக்கு வேண்டாம். ஒரு வண்டி, ஒரு டிரைவர்னாலும் சட்டம் செல்லணும். நடைக் கணக்குக் கூலிக்கு மேல ஒரு அடிப்படை மாதச் சம்பளம் உறுதி செய்யணும்.

5️⃣ பின் தடுப்பு, ரிஃப்ளெக்டர் பட்டை, பின் விளக்கு. இது மூணையும் ராத்திரியில ரோட்டுல நிறுத்திச் சோதிக்கணும், எஃப்.சி. அன்னைக்கு மட்டும் இல்ல.

6️⃣ சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிக் கொடுத்த விபத்துத் தகவல் தளத்துல ஒவ்வொரு விபத்தும் இடத்தோட, நேரத்தோட பதிவாகுது. நம்ம மாவட்டத்துத் தகவலை மூணு மாசத்துக்கு ஒருதடவை பொதுமக்களுக்கு வெளியிடுங்க. எந்த வளைவுல, எந்த மணியில சாகிறோம்னு தெரிஞ்சுக்கிற உரிமை எங்களுக்கு இருக்கு.

ஒரு நல்ல சேதியும் சொல்லணும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகுற, 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளோட கேபின்ல ஏ.சி. கட்டாயம்னு விதி வந்திருக்கு. மே மாச வெயில்ல இன்ஜின் மேல உட்கார்ந்த மாதிரி வேகிற மனுஷனுக்கு அது சொகுசு இல்ல, பாதுகாப்பு. ஆனா ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கிற லட்சக்கணக்கான லாரிகளுக்கு அது இல்ல. குளிர்ந்த கேபின்ல உட்கார்ந்தாலும் 17 மணி நேரம் முழிச்சவர் முழிச்சவர்தான்.

கோயம்புத்தூர்ல எலும்பு முறிவு சிகிச்சை பண்ற டாக்டர் எஸ். ராஜசேகரன், 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் போனார். அதன் விளைவா 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைஞ்சது, 2017-ல் நாடு முழுமைக்குமான உத்தரவுகள் வந்தது. மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கணும்ங்கிறதும் அதுல ஒண்ணு. நம்ம மாவட்டத்துலயும் ஆட்சியர் தலைமையில் அந்தக் குழு கூடுது. ஒரு டாக்டர் மனு போட்டு இவ்வளவு நகர்த்த முடிஞ்சதுன்னா, கிளைக்குக் கிளை ஆள் இருக்கிற ஒரு கட்சியால நகர்த்த முடியாதா?

அதனால இந்தப் பதிவைப் பகிர்றதோட நிக்காதீங்க. உங்க பகுதியில விபத்து அடிக்கடி நடக்கிற இடம், இருட்டா இருக்கிற இடம், லாரி ஓரமா நிக்கிற இடம் இருந்தா, போட்டோ, நேரம், கூகுள் மேப் லொகேஷனோட கமெண்ட்ல போடுங்க. டிரைவர் முகமும் வண்டி நம்பரும் வேண்டாம், இடம்தான் வேணும். காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர்னு தாலுகா வாரியா பட்டியல் போட்டு, மனுவா எழுதி, ஆட்சியர் அலுவலகத்துல திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துல கொடுப்போம். ரசீது வாங்குவோம். அந்த ரசீதையும் இந்தப் பக்கத்துலயே போடுவோம். பதில் வரலைன்னா அடுத்த திங்கட்கிழமையும் போவோம்.

லாரி டிரைவரா இருக்கிற தோழர்களும், அவங்க வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் பக்கத்துல நிறைய இருக்கீங்க. உங்க அப்பா கடைசியா எப்போ எட்டு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கினார்னு கேட்டு எழுதுங்க. பேர் வேண்டாம். நேரம் மட்டும் போதும். மனுவோட அதையும் இணைப்போம்.

#ஓட்டுநர்_உயிரும்_உயிரே
#காஞ்சி_சாலைப்_பாதுகாப்பு